பத்தொன்பதாம் அத்தியாயம் இல்லாத நாவல்

முதுகலை ஆங்கில இலக்கியம், இறுதிப் பருவ ஆய்வேடு. மாணவி கொண்டுவந்த தலைப்பு 'மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன்: ஒரு பின்காலனிய வாசிப்பு'. நான் நெறியாளர். தலைப்பைப் பார்த்து எனக்குப் பெரிய உற்சாகம் ஒன்றும் வரவில்லை. இந்த அச்சில் வார்த்த தலைப்புகள் ஆண்டுதோறும் வரும். ஒரு நாவல், ஒரு முக்காற்புள்ளி, ஒரு கோட்பாடு, அப்புறம் 'வாசிப்பு'. நாவலை மாற்றினாலும் தலைப்பு நிற்கும், கோட்பாட்டை மாற்றினாலும் நிற்கும்.

மாணவி படிப்பில் மந்தம் இல்லை. கோட்பாட்டுத் தாளில் சசூரிலிருந்து தெரிதா வரை வரிசை தப்பாமல் எழுதியவர். ஆய்வு முறையியல் தாளிலும் அப்படியே. மேற்கோளும் நூற்பட்டியலும் எழுதும் விதிகளைச் சொல்லும் எம்.எல்.ஏ. கையேட்டின் 9ஆம் பதிப்பு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் போடும் நூற்பட்டியலில் ஒரு காற்புள்ளிகூட இடம் மாறியிருக்காது. இரண்டு தாளிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருவர் ஆய்வேட்டில் எப்படிச் சறுக்கினார் என்பதால்தான் இதை எழுதிவைக்கிறேன். சறுக்கிய இடம் அந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில் இருந்தது.

முதல் வரைவு

மொத்தம் எழுபது பக்கம். முதல் அத்தியாயம் 26 பக்கம், முழுக்கப் பின்காலனியக் கோட்பாடு, அதாவது காலனி ஆட்சி இலக்கியத்தில் விட்ட தடத்தைப் படிக்கும் முறை. எட்வர்ட் சைதின் 'ஓரியண்டலிசம்' 1978இல் வந்ததில் தொடங்கி, காயத்ரி ஸ்பிவாக்கின் 1985 கட்டுரை வழியாக, ஹோமி பாபாவில் வந்து முடிகிறது. அந்த 26 பக்கத்தில் நாவலின் பெயர் இரண்டே முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் அத்தியாயத்திலிருந்துதான் நாவல். "அடுத்த சாப்டர்ல தியரியை அப்ளை பண்ணியிருக்கேன் மேடம்" என்றார். இந்த 'அப்ளை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் களிம்பு தடவுவதுதான் நினைவுக்கு வருகிறது. தடவிய பிறகு நாவலுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை.

வரைவு முழுவதும் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்த ஒரே தூணின்மேல் நின்றது. அந்தத் தூண் ஹென்றி கிளர்வல், நாவலின் நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனின் நண்பன். வாதம் இப்படிப் போகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனச் சட்டம் 1813இல் புதுப்பிக்கப்பட்டது. இந்திய வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் போயிற்று, பாதிரிமாருக்கும் கதவு திறந்தது. ஐந்தே ஆண்டில், 1818இல், இந்த நாவல் வருகிறது. அதில் கிளர்வல் இந்தியாவுக்குப் போகத் திட்டமிடுகிறான். அந்நாட்டு மொழிகளும் சமூகமும் தனக்குத் தெரிந்திருப்பதால் ஐரோப்பியக் குடியேற்றத்துக்கும் வணிகத்துக்கும் கைகொடுக்க முடியும் என்று நம்புகிறான். அதற்காகவே பாரசீகம், அரபு, சமஸ்கிருதம் படிக்கிறான். ஆகவே 1818இன் ஃபிராங்கன்ஸ்டைன் கம்பெனியின் புது வேகத்தைப் பேசும் நாவல்.

நல்ல வாதம்தான். கொஞ்சம் கூடுதலாகவே நன்றாகப் பொருந்தியது. மேற்கோளுக்குப் பக்கத்தில் இருந்த அடைப்புக்குறியில் 'அத்தியாயம் 19' என்று இருந்தது. நான் அங்கே நின்றுவிட்டேன்.

1818 ஜனவரியில் லண்டனில் வெளிவந்த ஃபிராங்கன்ஸ்டைனில் பத்தொன்பதாம் அத்தியாயம் கிடையாது. ஆசிரியர் பெயர் இல்லாமல், கணவர் பெர்சி ஷெல்லி எழுதிக்கொடுத்த முன்னுரையோடு, மூன்று தொகுதிகளாக, 500 படிகள் அச்சான பதிப்பு அது. தொகுதிக்குத் தொகுதி அத்தியாய எண் ஒன்றிலிருந்து தொடங்கும்: முதல் தொகுதியில் 7, இரண்டாவதில் 9, மூன்றாவதில் 7. எண்கள் ஒரே ஓட்டமாக 24 வரை போவது 1831இல் ஒரே தொகுதியாக வந்த திருத்திய பதிப்பில்.

"இது எந்தப் பதிப்பும்மா?"

"1818 மேடம்."

"புத்தகம் கையில இருக்கா?"

இருந்தது. எடுத்து, காப்புரிமைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'முதல் வெளியீடு 1818' என்று அச்சிட்டிருந்தது. பொய் இல்லை, நாவல் முதலில் வெளிவந்தது அந்த ஆண்டுதான். உள்ளே இருக்கும் பாடம், அதாவது நாவலின் சொல்வடிவம், எந்த ஆண்டினது என்பதை மட்டும் அந்த வரி சொல்லவில்லை. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இதுதான் நிலைமை. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் கோப்புகளில் சிலவற்றுக்குத் தலைப்புப் பக்கமே இருக்காது.

முகப்பில் ஆசிரியரின் 1831 முன்னுரை இருந்தது. அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. 1818 பாடத்தை அச்சிடுகிறவர்களும் அந்த முன்னுரையைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பது உண்டு. விக்டர் மணக்கும் எலிசபெத் அவன் வீட்டுக்கு வந்த கதையைத் தேடச் சொன்னேன். 1818இல் அவள் விக்டரின் அத்தை மகள். 1831இல் உறவுமுறை அறுந்துவிடுகிறது. கோமோ ஏரிப் பக்கம் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் வளரும் பெண், மிலான் பிரபு ஒருவரின் மகள், அங்கிருந்து அழைத்துவரப்படுகிறாள். மாணவி பக்கத்தைப் புரட்டினார். ஏழைக் குடிசை. சந்தேகமே இல்லை, 1831.

1818 பாடத்தைத் துறை நூலகத்திலிருந்து எடுத்துவந்து அதே இடங்களைப் பார்த்தோம். மூன்றாம் தொகுதி, இரண்டாம் அத்தியாயம், லண்டன் காட்சி. இந்தியா பற்றிய வாக்கியம் அங்கே இல்லவே இல்லை. முதல் தொகுதியில் கிளர்வல் படிக்கும் மொழிகள் வரும் இடத்துக்குப் போனோம். பாரசீகம் இருக்கிறது, அரபு இருக்கிறது. மூன்றாவது மொழி ஹீப்ரு. சமஸ்கிருதம் 1831இல் வந்து ஹீப்ருவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

மாணவி சற்று நேரம் பேசவில்லை. "அப்போ மூணாவது சாப்டரே போச்சா மேடம்?" என்றார்.

போகவில்லை என்று சொன்னேன். அப்போது அது சமாதானம் மட்டும்தான்; எனக்கே தெளிவில்லை. அன்று இரவு என் பழைய வகுப்புக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ரொமாண்டிக் காலம் பற்றிய பகுதியில், என் கையெழுத்தில், 'கிளர்வல் – இந்தியா – 1818' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். எத்தனை வகுப்புகளில் அதை வாசித்துக் காட்டினேனோ. இந்த மாணவியும் அந்த வகுப்பில் இருந்தவர்தான். ஆக, தூண் நட்டவர்களில் நானும் ஒருத்தி.

எங்கே பிசகியது

'கவனக்குறைவு' என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம். ஆனால் கவனக்குறைவு இல்லை. முறையியல் தாளில் பதிப்பியல், அதாவது ஒரு நூலின் வெவ்வேறு வடிவங்களை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் கலை, ஓர் அலகு. டபிள்யூ. டபிள்யூ. கிரெக் 1950 கட்டுரையில் பிரித்துக்காட்டிய இரண்டு வகை வேறுபாடுகளை, அதாவது பொருளைத் தொடும் சொல் வேறுபாட்டையும் எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறி போன்ற மேலோட்ட வேறுபாட்டையும், இந்த மாணவி தேர்வில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அவர் மனத்தில் அது ஷேக்ஸ்பியர் விவகாரம். பழைய நாடகப் படிகளை வைத்துக்கொண்டு அறிஞர்கள் சண்டை போடுவது. கடையில் வாங்கிய நாவலுக்கும் பாடபேதம், அதாவது பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவது, இருக்கும் என்று தோன்றவில்லை. தமிழில் ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் பழக்கிவிட்ட சொல் இந்தப் பாடபேதம். நமக்கும் அது ஏட்டுச்சுவடிச் சொல்லாகவே நின்றுபோனது.

இன்னொரு பிசகும் வெளியில் வந்தது. எனக்கு இதுதான் கூடுதலாக உறுத்தியது. ஸ்பிவாக்கின் 1985 கட்டுரை மூன்று பெண்களின் நூல்களை எடுத்துக்கொள்கிறது: ஜேன் ஐர், வைட் சர்காசோ சீ, ஃபிராங்கன்ஸ்டைன். வரைவில் மாணவி, மூன்றும் ஏகாதிபத்தியத்தின் பிரதிகள் என்று ஸ்பிவாக் நிறுவுவதாக எழுதியிருந்தார். கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. ஜேன் ஐரில் நாயகனின் முதல் மனைவி பெர்த்தாவின் கதி எப்படி நாயகியின் தன்னிலைக்கு விலையாகிறது என்று காட்டிவிட்டு, ஃபிராங்கன்ஸ்டைனுக்கு வரும்போது ஸ்பிவாக் தனி வழியில் போகிறார். அந்த நாவலில் ஏகாதிபத்திய உணர்வு ஆங்காங்கே தாராளமாகக் கிடக்கிறது, ஆனால் கதையின் கட்டுமானத்தை அது தாங்கவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். மாணவி தூணாக நட்ட இடத்தை, அவர் துணைக்கு அழைத்த ஆளே தூண் இல்லை என்கிறார்.

"கட்டுரையைப் படிச்சியா?"

"கைடுல சுருக்கம் இருந்தது மேடம்."

கோட்பாட்டைச் சுருக்கத்தில் படிப்பது குற்றமில்லை. முதல் வாசிப்புக்கு நானும் சுருக்கத்தைத்தான் தேடிப்போனேன். சிக்கல் எங்கே என்றால், சுருக்கத்தில் ஒரு கோட்பாட்டாளர் எப்போதும் முடிவாக நிற்பார். கட்டுரையில் அவர் ஒரு குறிப்பிட்ட நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். மல்லுக்கட்டு தெரியாமல் முடிவை மட்டும் எடுத்துவந்தால் எந்த நாவலுக்கும் தடவலாம்.

அப்புறம் செய்தது

முதல் வேலையாக அந்த 26 பக்கத்தைத் தனியே எடுத்துவைக்கச் சொன்னேன். கிழிக்கச் சொல்லவில்லை. இரண்டு வாரம் அதைத் திறக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு வாரமும் ஒரே வேலை: கிளர்வல் வரும் இடம் ஒவ்வொன்றையும் 1818, 1831 இரண்டிலும் எடுத்து, வரிக்கு வரி ஒப்பிடுவது.

மென்பொருளில் போட்டுப் பார்த்தார். காற்புள்ளி மாறிய இடமெல்லாம் சிவப்பாகத் தெரிந்ததில், இந்தியா எங்கே என்று தேடவேண்டியிருந்தது. பிறகு பழைய அச்சகத்து வழிக்கு வந்தார். அறைத்தோழி 1818ஐ உரக்க வாசிப்பார், இவர் 1831இல் விரல் வைத்துத் தொடர்வார், தடுக்கிய இடத்தில் பென்சில் கோடு. தோழி படிப்பது இயற்பியல். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே, "உங்க ரெண்டாவது புக்ல இவன் ரொம்ப விவரமா பிளான் போடுறான்டி" என்றாராம். கிளர்வலுக்கு ஏற்பட்ட மாற்றத்தை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1818இன் கிளர்வல் மொழி படிப்பது மொழிமேல் உள்ள ஆசையால். 1831இன் கிளர்வலுக்கு அதே படிப்பு ஒரு வாழ்க்கைத் திட்டத்தின் முதல் படி. கண்ணைக் கிழக்கே திருப்புவதும் அங்கே தன் முனைப்புக்கு இடம் இருக்கிறது என்பதால்.

அட்டவணைக்கு மூன்று பத்தி போட்டார்: 1818, 1831, குறிப்பு. மூன்றாவது பத்தியில் முதலில் எல்லா வரிக்கும் 'காலனிய மனப்பான்மை' என்றே எழுதி வந்தார். அழிக்கச் சொன்னேன். 'ஹீப்ரு போய்ச் சமஸ்கிருதம்', 'புது வாக்கியம்', 'காரணம் சேர்ந்தது' என்று கண்ணில் படுவதை மட்டும் எழுதினால் போதும். விளக்கம் பிறகு வரட்டும்.

அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் 1831 முன்னுரையின் கடைசிப் பகுதியை ஒழுங்காகப் படித்தோம். அதில் மேரி ஷெல்லி திருத்தங்களைப் பற்றிப் பேசுகிறார். அவை பெரும்பாலும் நடை சார்ந்தவை, கதையில் எந்தப் பகுதியையும் மாற்றவில்லை, புது எண்ணமோ புது நிகழ்வோ எதையும் நுழைக்கவில்லை என்கிறார்.

மாணவி அட்டவணையைப் பார்த்தார், முன்னுரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொய் சொல்றாங்களா மேடம்?"

கோட்பாட்டுத் தாள் அன்றுதான் முதல்முறையாக ஆய்வேட்டுக்குள் தானாக நடந்து வந்தது. விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் ஆசிரியரின் நோக்கத்தை அளவுகோலாக வைக்காதே என்று எழுதியது, பார்த் 1967இல் ஆசிரியரின் மரணத்தை அறிவித்தது, ஃபூக்கோ 1969இல் ஆசிரியர் என்பதே என்ன என்று கேட்டது எல்லாம் மாணவிக்கு மனப்பாடம். ஐந்து மதிப்பெண் கேள்வியாகத்தான். இப்போது மேசையில் ஓர் ஆசிரியர் நான் எதையும் சேர்க்கவில்லை என்கிறார், பக்கத்தில் அவர் சேர்த்தது கிடக்கிறது. யாரை நம்புவது? நம்புவது என்பதே சரியான கேள்வியா? அந்த வாக்கியம் ஒரு பதிப்பாளரின் மலிவு வரிசைக்கு எழுதிய முன்னுரையில் வருகிறதே, அதை வாக்குமூலமாக எடுப்பதா, வாசகருக்குப் போடும் கும்பிடாக எடுப்பதா? ஒரு மணி நேரம் இதைப் பேசினோம். அவர் ஒரு தடவைகூட 'அப்ளை' என்று சொல்லவில்லை.

தலைப்பு மாறியது, அதாவது முதல்முறையாக ஒரு கேள்வி கிடைத்தது. 1818க்கும் 1831க்கும் இடையில் கிளர்வலின் கல்வி எதிலிருந்து எதுவாக மாறுகிறது? அந்த மாற்றத்தை, எதுவும் மாறவில்லை என்ற முன்னுரையோடு சேர்த்து எப்படிப் படிப்பது? இந்தக் கேள்வியில் நாவலை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடியாது.

உற்சாகம் வந்ததும் அடுத்த குழியும் வந்தது. ஹீப்ரு ஏன் சமஸ்கிருதமானது? மாணவி ஒரே வாரத்தில் வரிசை கட்டிவிட்டார்: சமஸ்கிருதத்தை ஐரோப்பிய மொழிகளோடு ஒப்பிட்ட ஃபிரான்ஸ் பாப்பின் நூல் 1816, வில்சனின் சமஸ்கிருத அகராதி 1819, லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி 1823, ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதத்துக்கான போடன் பேராசிரியர் இருக்கைக்குக் கிடைத்த கொடை 1827. எல்லாம் சரியான ஆண்டுகள். கடைசியில் ஓர் 'ஆகவே' போட்டிருந்தார். அந்த 'ஆகவே'யை நான் வட்டமிட்டேன். 1813 சட்டத்தில் செய்த அதே வேலை இது; ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காக ஒன்று மற்றொன்றைப் பெற்றுவிடாது. மேரி ஷெல்லி இவற்றில் எதைப் படித்தார், எதைக் கேள்விப்பட்டார் என்று காட்டச் சான்று வேண்டும். அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் அச்சில் இருக்கின்றன, அங்கே தேட வேண்டும். பருவம் முடிய ஏழு வாரம் இருந்த நிலையில் அது ஆகிற காரியம் இல்லை. 'ஆகவே' போய், அந்தக் காலத்தில் சமஸ்கிருதம் என்ற பெயருக்கு ஒரு புது மதிப்பு ஏறியிருந்தது என்ற அளவில் பத்தி நின்றது. மாணவிக்கு அதில் வருத்தம்தான். வலிமை குறைந்துவிட்டது போல இருக்கிறது என்றார். குறைந்ததுதான், ஆனால் இந்தத் தடவை யாராலும் தட்டி விழவைக்க முடியாது.

கோட்பாட்டு அத்தியாயம் 26 பக்கத்திலிருந்து 7 பக்கம் ஆயிற்று. சைதும் ஸ்பிவாக்கும் மிஞ்சினார்கள், பாபா போய்விட்டார். ஸ்பிவாக்கைத் துணையாக அழைப்பதற்குப் பதிலாக அவரிடம் ஒரு கேள்வி வைத்தார்: ஆங்காங்கே கிடக்கும் உணர்வு என்றால், அது எந்தப் பாடத்தில் எவ்வளவு கிடக்கிறது? முதுகலை மாணவி ஒருவர் ஸ்பிவாக்கிடம் அளவு கேட்பதைப் படித்தபோது எனக்கு உள்ளூரச் சிரிப்பும் பெருமையும் வந்தது. இடையில் 1823இல் மேரி ஷெல்லியின் தந்தை காட்வின் ஏற்பாட்டில் இரண்டு தொகுதிகளாக வந்த பதிப்பை ஏன் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டார். அந்த அடிக்குறிப்பை நான் கேட்கவில்லை.

வைவா

வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் அமைதியானவர். அட்டவணையைத்தான் முதலில் புரட்டினார், பிறகு ஒரே ஒரு பெரிய கேள்வி. "இந்தியா வாக்கியம் 1831இல்தான் வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் 1818 நாவல் அப்பழுக்கற்றதா?"

நாங்கள் ஒத்திகை பார்க்காத கேள்வி. மாணவி 1818 பாடத்தைத் திறந்து இரண்டாம் தொகுதி ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போனார். குடிசைச் சுவருக்கு அப்பால் அந்த வீட்டு இளைஞன் ஃபெலிக்ஸ், தான் காதலிக்கும் சாஃபிக்கு வோல்னி எழுதிய வரலாற்று நூலைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறான். விக்டர் உருவாக்கிய, பெயரில்லாத அந்த உயிர் ஒட்டுக்கேட்டே உலக வரலாறு கற்கிறது. சோம்பேறி ஆசியர்களைப் பற்றியும் கிரேக்கர்களின் வியத்தகு மேதைமையைப் பற்றியும் கேள்விப்படுகிறது. அதே பத்தியில் அமெரிக்கா கண்டுபிடிக்கப்பட்ட கதையும் வருகிறது. அம்மண்ணின் மக்களுக்கு நேர்ந்த கதியை நினைத்து சாஃபியோடு சேர்ந்து அதுவும் அழுகிறது. "இது ரெண்டு பதிப்பிலும் இருக்கு சார். சோம்பேறிங்கிற சொல்லும் இருக்கு, அழுகையும் இருக்கு. 1831இல் புதுசா வந்தது திட்டம்தான்" என்றார்.

தேர்வாளர் தலையாட்டினார். ஆய்வேட்டில் அந்த மேற்கோள் வரும் இடத்தை எடுத்து, பக்க எண்ணைப் பார்த்து, மேசையில் இருந்த 1818 பிரதியில் அதே பக்கத்தைத் திருப்பினார். அங்கே வேறு ஏதோ காட்சி. மற்ற மேற்கோள்களையெல்லாம் புதுப் பிரதிக்கு மாற்றிய மாணவி, இரண்டு பாடத்திலும் ஒன்றுபோல இருக்கும் இந்த ஒன்றை மட்டும் பழைய மலிவுப் பதிப்பின் பக்க எண்ணோடு விட்டுவிட்டிருந்தார்.

திருத்தப் படிவத்தில் ஒரே ஒரு வரி: 'பக்கம் 41, மேற்கோளின் பக்க எண்ணைச் சரிபார்க்கவும்.' அன்று மாலையே மாற்றிக் கொண்டுவந்தார்.